‘நோ’ சொல்லப் பழகுவோம்: ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் எவருக்கும் ‘யெஸ்’, ‘நோ’ இரண்டும் முன்பே தெரிந்திருக்கும். தெரிந்த சொல்தானே என்று வகுப்பிலும் அதை விளக்குவதில்லை. ஆனால் வேலைக்கான நேர்காணல், வங்கியிலிருந்து வரும் போன், விமான நிலையத்துக் குடியேற்றக் கவுண்டர் என்று ஆங்கிலம் உண்மையிலேயே தேவைப்படும் இடங்களில் நம்மவர்களை அதிகம் தடுமாற வைப்பது ‘நோ’ என்ற இந்தச் சின்னச் சொல்தான்.

தமிழில் மறுப்பு பெரும்பாலும் வினையோடு ஒட்டிக்கொண்டு வாக்கியத்தின் கடைசியில் வரும். வரவில்லை, வரமாட்டேன், வராது, வரக்கூடாது, வர வேண்டாம். ஆங்கிலத்தில் அது தனிச் சொல்லாக, வாக்கியத்தின் முன்பகுதியிலேயே வந்து நிற்கும். எதற்கு முன்னால் நிற்கிறது என்பதைப் பொறுத்துப் பொருளும் மாறும். ‘நோ’வையும் அதன் கூடப்பிறந்த ‘நாட்’டையும் இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள், காதில் பதிந்தால்தான் பேசும்போது தானாக வரும்.

முதல் படி: எது எங்கே நிற்கும்

‘நோ’ பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும். ‘நாட்’ வினையோடு போகும். “ஐ ஹேவ் நோ டைம்” என்றாலும் “ஐ டோன்ட் ஹேவ் டைம்” என்றாலும் எனக்கு நேரமில்லை என்பதுதான் பொருள். முதல் வாக்கியத்தில் வினை அப்படியே இருக்கிறது, மறுப்பை ‘டைம்’ சுமக்கிறது. இரண்டாவதில் வினையையே மறுக்கிறோம், அதனால் ‘டு’ என்ற துணைவினை உள்ளே வர வேண்டியிருக்கிறது.

இந்தத் துணைவினையைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். “ஐ நாட் கோயிங்” தவறு, “ஐ ஆம் நாட் கோயிங்” சரி. “ஹி நாட் கேம்” தவறு, “ஹி டிட் நாட் கம்” சரி. இந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். ‘டிட்’ ஏற்கெனவே இறந்தகாலத்தைச் சொல்லிவிட்டது. அதனால் ‘கேம்’ மறுபடி ‘கம்’ ஆகிவிடும். “டிட் நாட் கேம்”, “டிட் நாட் வென்ட்” என்பவை நம் ஊரில் அன்றாடம் காதில் விழும் பிழைகள். இதை முதல் வாரத்திலேயே திருத்திக்கொள்வது நல்லது. நாக்கில் பழகிவிட்டால் பிறகு எளிதில் போகாது.

இன்னொன்று: ‘நோ’வுக்குப் பின்னால் ‘எ’, ‘தி’, ‘மை’, ‘எனி’ எதுவும் வராது. “ஐ ஹேவ் நோ எ கார்” என்று சொல்ல முடியாது, “ஐ ஹேவ் நோ கார்” போதும். என் நண்பர்கள் யாரும் வரவில்லை என்பதற்கு “நோ மை ஃப்ரெண்ட்ஸ் கேம்” என்று சொல்லக்கூடாது. அங்கே ‘நன்’ வரும்: “நன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் கேம்.”

அறிவிப்புப் பலகைகளில் வருவதும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் இதே ‘நோ’தான். நோ பார்க்கிங், நோ ஸ்மோக்கிங், நோ என்ட்ரி. கிரிக்கெட்டின் ‘நோ பால்’ நமக்கெல்லாம் தெரிந்தது. வீசப்பட்ட பந்து கண்ணெதிரே இருக்கிறது, ஆனாலும் ஓவரின் கணக்கில் அது பந்தே கிடையாது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘நோ’ எவ்வளவு அழுத்தமாக மறுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை.

கேள்விக்குப் பதிலாகச் சொல்லும் ‘நோ’வும், பெயருக்கு முன்னால் வரும் ‘நோ’வும் பிறப்பால் வேறு வேறு சொற்கள். முதலாவது பழைய ஆங்கிலத்தில் ‘ஒருபோதும் அல்ல’ என்ற பொருள்கொண்ட ‘நா’ என்ற சொல்லிலிருந்து வந்தது. இரண்டாவது ‘ஒன்றுகூட இல்லை’ என்ற பொருள்கொண்ட ‘நான்’ என்பதன் கடைசி எழுத்து தேய்ந்து வந்தது. அந்த எழுத்து தேயாமல் நின்ற வடிவம்தான் இன்றைய ‘நன்’. “நோ ஃப்ரெண்ட்ஸ்”, “நன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்” இரண்டும் ஏன் இவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பது இப்போது புரியும்.

இரண்டாம் படி: எதிர்மறைக் கேள்விக்குப் பதில்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

வங்கியிலிருந்து ஒருவர் போனில் கேட்கிறார்: “டிடின்ட் யூ கெட் தி ஓடிபி?” ஓடிபி வரவில்லையா என்கிறார். உங்களுக்கு வரவில்லை. தமிழில் என்ன சொல்வீர்கள்? “ஆமாங்க, வரலை.” கேட்பவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டு, பிறகு விவரம் சொல்கிறோம். அதையே ஆங்கிலத்தில் “யெஸ்” என்று சொல்லி நிறுத்தினால், எதிர்முனையில் இருப்பவர் ஓடிபி வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்.

ஆங்கிலத்தின் விதி இதுதான். கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்று பார்க்காதீர்கள். நடந்ததா, நடக்கவில்லையா என்று மட்டும் பாருங்கள். நடந்திருந்தால் ‘யெஸ்’, நடக்கவில்லை என்றால் ‘நோ’. ஓடிபி வந்திருந்தால் “யெஸ், ஐ டிட்”. வரவில்லை என்றால் “நோ, ஐ டிடின்ட்”. “டிட் யூ கெட் இட்?” என்று நேராகக் கேட்டாலும், “டிடின்ட் யூ கெட் இட்?” என்று சுற்றிக் கேட்டாலும் பதில் மாறாது.

தமிழ் கேட்பவரின் சொல்லோடு ஒத்துப்போகிறோமா என்று பார்க்கிறது, ஆங்கிலம் செய்தியைப் பார்க்கிறது. இதில் நாம் தனியாகவும் இல்லை. ஜப்பானிய மொழியும் கொரிய மொழியும் நம்மைப் போலத்தான் பதில் சொல்லும். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இதற்கென்றே தனிச் சொல் உண்டு. “வரவில்லையா?” என்று கேட்டால், “வந்துவிட்டதே” என்று மறுத்துச் சொல்ல பிரெஞ்சில் ‘ஸி’, ஜெர்மனில் ‘டோஹ்’.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நான்கு சொற்கள் இருந்தன. நேர்க் கேள்விக்கு ‘யே’ அல்லது ‘நே’, எதிர்மறைக் கேள்விக்கு ‘யெஸ்’ அல்லது ‘நோ’. 1532-இல் ஆங்கிலேய அறிஞர் தாமஸ் மோர், விவிலியத்தை மொழிபெயர்த்த வில்லியம் டிண்டேலைக் கண்டித்து எழுதியபோது, ‘நே’ வர வேண்டிய இடத்தில் ‘நோ’ போட்டுவிட்டார் என்பதையும் ஒரு குற்றமாகச் சேர்த்தார். அப்போதே அந்த வேறுபாடு கரைந்துகொண்டிருந்தது என்பதற்கு அது சான்று. பிறகு ‘யே’, ‘நே’ இரண்டும் பேச்சிலிருந்து மறைந்தன. அமெரிக்க நாடாளுமன்ற வாக்கெடுப்பில் இன்னும் அவற்றைக் கேட்கலாம். ஆக, நான்கு பேர் செய்த வேலையை இன்று இருவர் செய்கிறார்கள். குழப்பம் வருவது நியாயம்தான்.

பழகுவதற்கு இரண்டு வழிகள் சொல்கிறேன்.

ஒன்று, ‘யெஸ்’ அல்லது ‘நோ’வோடு ஒருபோதும் நிறுத்தாதீர்கள். கூடவே வினையையும் சொல்லுங்கள். “நோ, ஐ டிடின்ட்.” “யெஸ், ஐ ஹேவ்.” “நோ, ஷி இஸின்ட்.” முதல் சொல் பழக்கத்தில் தவறினால், பின்னால் வரும் வினை அதைக் கவனித்துத் திருத்திக்கொள்ள உதவும். இதில் கட்டாயம் ஒன்று உண்டு: ‘நோ’ வந்தால் பின்னால் வரும் வினையும் மறுப்பாகவே இருக்க வேண்டும். “யெஸ், ஐ டிடின்ட்” என்றோ “நோ, ஐ டிட்” என்றோ சொன்னால் கேட்பவர் குழம்பிப்போவார்.

இரண்டாவது, வாயில் ‘ஆமாம்’தான் வருகிறது என்றால் அதற்கு ‘யெஸ்’ஸைப் பயன்படுத்தாமல் “தட்ஸ் ரைட்” என்று சொல்லுங்கள். “ஸோ, யூ டிடின்ட் கெட் இட்?” என்று ஒருவர் உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்டால், “தட்ஸ் ரைட், ஐ டிடின்ட்” என்பது முழுக்கச் சரியான ஆங்கிலம். அது நம் ‘ஆமாங்க’வின் வேலையை அப்படியே செய்யும்.

அடுத்து, கேள்வியின் சொல்லமைப்பு நேராக இருந்து, பொருள் மட்டும் மறுப்பாக இருக்கும் இடங்கள். “ஹேவ் யூ எவர் பீன் ரெஃப்யூஸ்டு எ விசா?” உங்களுக்கு எப்போதாவது விசா மறுக்கப்பட்டதா? மறுக்கப்படவே இல்லை என்றால் ‘நோ’. “இஸ் எனிதிங் மிஸ்ஸிங்?” எல்லாம் சரியாக இருக்கிறது என்றால் அதற்கும் ‘நோ’தான். ‘எல்லாம் நல்லபடியாக இருக்கிறது’ என்ற எண்ணத்தில் அவசரமாக ‘யெஸ்’ சொல்லிவிடாதீர்கள்.

இந்த வகையில் அதிகம் ஏமாற்றுவது “டு யூ மைண்ட்”. ரயிலில் ஒருவர் “டு யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?” என்று கேட்கிறார். அவர் கேட்பது “நான் இங்கே உட்கார்ந்தால் உங்களுக்குத் தொந்தரவா?” என்பது. உட்காரச் சொல்ல வேண்டுமானால் பதில் “நோ, நாட் அட் ஆல்”. உட்காரட்டுமே என்று நல்ல மனதோடு ‘யெஸ்’ சொன்னால், தொந்தரவுதான் என்று ஆகிவிடும். ஆங்கிலம் தாய்மொழியானவர்களும் இங்கே பல நேரம் “ஷ்யூர், கோ அஹெட்” என்று அனுமதி கொடுத்துவிடுவார்கள். குழப்பமே இல்லாத பதில் வேண்டுமென்றால் நீங்களும் “ப்ளீஸ், கோ அஹெட்” என்று சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் படி: மறுப்பு ஒரு முறை போதும்

“யாரும் வரவில்லை.” இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் “எனிபடி டிட் நாட் கம்” என்று வரும். ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வதில்லை. மறுப்பு வாக்கியத்தில் ‘எனி’ வகைச் சொற்கள் மறுப்புக்குப் பின்னால்தான் வர முடியும், வாக்கியத்தின் தலையில் நிற்க முடியாது. அங்கே மறுப்பை எழுவாய்க்குள்ளேயே வைத்துவிட வேண்டும்: “நோபடி கேம்.” மறுப்பு முதலிலேயே வந்துவிட்டதால் வினை நேராக இருக்கும். “நோபடி டிடின்ட் கம்” என்றால் பொருள் தலைகீழாகிவிடும், வராதவர் எவருமில்லை என்று ஆகும்.

செயப்படுபொருளாக வரும்போது இரண்டு வழியும் திறந்திருக்கிறது. “ஐ சா நோபடி” என்றும் சொல்லலாம், “ஐ டிடின்ட் சீ எனிபடி” என்றும் சொல்லலாம். பேச்சில் இரண்டாவதுதான் இயல்பு.

பாட்டிலும் படத்திலும் “ஐ டோன்ட் ஹேவ் நோ மணி” என்ற மாதிரிக் கேட்டிருப்பீர்கள். அங்கே இரண்டு மறுப்பும் சேர்ந்து ஒரே மறுப்பாக நிற்கிறது. கவிஞர் சாஸர் காலத்து ஆங்கிலத்தில், அதாவது 14-ஆம் நூற்றாண்டில், இப்படி அடுக்குவது எழுத்திலேயே சாதாரணம். இரண்டு மறுப்பு ஒன்றையொன்று அழித்துவிடும் என்பதைப் பிற்காலத்து இலக்கண ஆசிரியர்கள், குறிப்பாக 18-ஆம் நூற்றாண்டின் ராபர்ட் லோத், விதியாக எழுதி நிலைநிறுத்தினார்கள். அந்தப் பேச்சுவழக்கை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் தேர்விலும் அலுவலகத்திலும் எழுதும்போது ஒரே மறுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

‘எல்லாரும்’ விஷயத்திலும் கவனம் தேவை. “ஆல் தி ஸ்டூடண்ட்ஸ் டிட் நாட் பாஸ்” என்று எழுதினால், ஒருவர்கூடத் தேறவில்லை என்றும் படிக்கலாம், சிலர் மட்டும் தேறவில்லை என்றும் படிக்கலாம். ஒருவருமே இல்லை என்றால் “நன் ஆஃப் தி ஸ்டூடண்ட்ஸ் பாஸ்டு”. சிலர் தேறவில்லை என்றால் “நாட் ஆல் தி ஸ்டூடண்ட்ஸ் பாஸ்டு”. ஒரு அறிக்கையில் இந்த வேறுபாடு ஒரு பள்ளியின் பெயரையே மாற்றிவிடும்.

அப்புறம், ‘நோ ஒன்’ என்பதை இரண்டு சொல்லாகப் பிரித்து எழுத வேண்டும். ‘நோபடி’, ‘நத்திங்’ இரண்டும் ஒரே சொல்.

நான்காம் படி: நினைப்பை மறுப்பது

“அவர் வரமாட்டார் என்று நினைக்கிறேன்.” தமிழில் மறுப்பு ‘வரமாட்டார்’ என்பதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதைத் தூக்கி நினைப்பின்மேல் வைத்துவிடுவார்கள்: “ஐ டோன்ட் திங்க் ஹி வில் கம்.” “ஐ திங்க் ஹி வோன்ட் கம்” இலக்கணப் பிழை கிடையாது, ஆனால் சற்று விறைப்பாக ஒலிக்கும். ‘திங்க்’, ‘பிலீவ்’, ‘சப்போஸ்’ எல்லாம் இப்படித்தான்.

‘ஹோப்’ மட்டும் விலக்கு. மழை பெய்யக்கூடாதே என்று நினைத்தால் “ஐ ஹோப் இட் டஸின்ட் ரெய்ன்”. குறுக்கமாக “ஐ ஹோப் நாட்”. “ஐ டோன்ட் ஹோப்” என்று ஆரம்பிக்காதீர்கள்.

ஒருவர் “ஐ டோன்ட் லைக் காஃபி” என்கிறார், உங்களுக்கும் பிடிக்காது. “மீ டூ” இங்கே பொருந்தாது, “மீ நீதர்” என்று சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: மனம் நோகாமல் மறுப்பது

“டீ குடிக்கிறீங்களா?” என்றால் “வேண்டாங்க” என்கிறோம். அந்த ‘ங்க’விலேயே மரியாதை வந்துவிடுகிறது. ஆங்கிலத்தின் ‘நோ’வில் அப்படி ஒட்டுவதற்கு எதுவும் இல்லை. தனியாக “நோ” என்று சொன்னால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். அதனால் கூடவே ஏதாவது வர வேண்டும். “நோ, தேங்க் யூ” குறைந்தபட்சம். இப்போது பரவலாகக் கேட்பது “ஐ ஆம் குட், தேங்க்ஸ்” அல்லது “ஐ ஆம் ஃபைன், தேங்க்ஸ்”. இரண்டிலும் ‘நோ’ இல்லை, ஆனால் இரண்டும் வேண்டாம் என்றுதான் சொல்கின்றன. இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று நீங்கள் கேட்கும்போது ஒருவர் “ஐ ஆம் குட்” என்றால், நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒருவர் கேட்ட உதவியைச் செய்ய முடியவில்லை என்றால் “ஐ ஆம் அஃப்ரெய்ட் ஐ கான்ட்” என்று தொடங்குங்கள். இங்கே பயத்துக்கு இடமில்லை, வருத்தத்தோடு மறுக்கிறோம் என்பதற்கான அடையாளம் அது. “ஐ ஆம் அஃப்ரெய்ட் நாட்” என்றாலும் அதேதான்.

மேலதிகாரியிடம் காரணம் சொல்லும்போது, நாம் பழகிய “நோ சார்” எங்கும் பிழையில்லை. அதற்குப் பிறகு ஒரு வாக்கியம் வந்தால் போதும்.

பிரிட்டிஷ்காரர்களோடு வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: உங்கள் வேலையைப் பார்த்து “நாட் பேட்” என்று சொன்னால் சோர்ந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது பாராட்டுதான்.

ஆறாம் படி: படிக்கும்போது பார்க்க வேண்டியவை

பத்திரிகையும் கதையும் படிக்க ஆரம்பித்ததும் ‘நோ’வின் வேறு முகங்கள் தெரியும். “ஹி இஸ் நாட் எ டாக்டர்” என்றால் அவர் மருத்துவர் அல்ல, வேறு தொழில். “ஹி இஸ் நோ டாக்டர்” என்றால் அவரையெல்லாம் டாக்டர் என்று சொல்லாதீர்கள் என்ற தொனி வந்துவிடுகிறது. “ஹி இஸ் நோ ஃபூல்” என்றால் விவரமான ஆள் என்று பொருள். “நோ ஸ்மால் மேட்டர்” என்றால் லேசுப்பட்ட விஷயமில்லை.

எண்களோடு வரும்போது இன்னும் கூர்மை. “நாட் மோர் தேன் ஃபைவ்” என்றால் ஐந்துக்கு மேல் போகாது, அவ்வளவுதான். “நோ மோர் தேன் ஃபைவ்” என்றால் வெறும் ஐந்துதான் என்று குறைத்துச் சொல்லும் குரல் சேர்கிறது. “நோ லெஸ் தேன் 500” என்று வந்தால் 500 பேராம் என்று வியக்கிறார்கள்.

மறுப்புச் சொற்றொடர் வாக்கியத்தின் முதலில் வந்தால் வினை இடம் மாறும். “அட் நோ டைம் டிட் ஹி கம்ப்ளெய்ன்.” “நோ சூனர் டிட் ஐ சிட் டவுன் தேன் தி போன் ராங்.” பேச்சில் இதைப் பயன்படுத்த வேண்டிய அவசியமில்லை. பார்த்தவுடன் புரிந்தால் போதும்.

வீட்டு வாசலில் எண்ணுக்கு முன்னால் இருக்கும் ‘நோ’ மறுப்பே கிடையாது. ‘எண்ணால்’ என்று பொருள்படும் ‘நுமெரோ’ என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம் அது, வாசிக்கும்போது ‘நம்பர்’ என்றே வாசிக்க வேண்டும். பொதுவாக ஒரு புள்ளி அதைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் பிரிட்டிஷ் பத்திரிகைகள் அந்தப் புள்ளியையும் விட்டுவிடுவதுண்டு. செய்தித் தலைப்பில் இந்தச் சுருக்கத்துக்குப் பக்கத்தில் 10 என்று பார்த்தால் ‘நம்பர் டென்’ என்று படியுங்கள். லண்டன் டவுனிங் தெருவில் இருக்கும் பிரிட்டிஷ் பிரதமர் அலுவலகத்தை அப்படித்தான் குறிப்பிடுகிறார்கள்.

ஏழாம் படி: காதுக்குப் பயிற்சி

“நாளைக்கு வர்றீங்க இல்ல?” என்று கேட்டுப் பழகிய நாம் “யூ ஆர் கமிங், நோ?” என்கிறோம். இந்தியாவில் எல்லாருக்கும் புரியும். வெளிநாட்டவரிடம் பேசும்போது “ஆரின்ட் யூ?” என்று முடியுங்கள், அல்லது “ரைட்?” போதும்.

சிங்கப்பூர் போகிறவர்களுக்கு இன்னொரு வழக்கு காத்திருக்கிறது. அங்கே “கேன் ஆர் நாட்?” என்று கேட்பார்கள். பதில் “கேன்” அல்லது “கேனாட்”. முடியுமா, முடியாதா என்பதை நேராகச் சொல்லும் இந்த வழக்கு தமிழருக்கு உடனே பிடித்துவிடும். அங்கே தயங்காமல் பேசுங்கள், அலுவலகக் கடிதத்தில் மட்டும் எழுதாதீர்கள்.

கடைசியாக, காதுக்கு உண்மையிலேயே கஷ்டமானது அமெரிக்கர்களின் ‘கேன்’, ‘கேன்ட்’. பிரிட்டிஷ் உச்சரிப்பில் ‘கான்ட்’ என்று உயிரொலியே மாறிவிடுவதால் சிக்கல் இல்லை. அமெரிக்கர்கள் ‘கேன்ட்’டின் கடைசி ‘ட்’டைப் பல நேரம் விழுங்கிவிடுவார்கள். அதனால் ‘ட்’டைத் தேடாதீர்கள், அழுத்தத்தைத் தேடுங்கள். “ஐ க்ன் டூ இட்” என்று ‘கேன்’ நசுங்கி ஓடிவிட்டால் முடியும் என்கிறார். “ஐ கேன்… டூ இட்” என்று அந்தச் சொல் முழுதாக, அழுத்தமாக நின்றால் முடியாது என்கிறார். அப்போதும் சந்தேகமாக இருந்தால் “சாரி, டிட் யூ சே யூ கேனாட்?” என்று கேட்டுவிடுங்கள்.